நூலில் பூக்கும் ஜப்பான் பந்து

மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும்போது பட்டுப் புடவை, பாத்திரம், பண்டம் என்று சீர் வைத்து அனுப்புவது நம் வழக்கம். ஜப்பானின் கனஸாவா நகரத்தில் இந்தச் சீர்வரிசையில் ஒரு பந்தும் இடம்பெறுவதுண்டு. ரப்பர் பந்து அல்ல. தாய் தன் கையாலேயே நூல் சுற்றி, அதன் மேல் ஊசியால் பூவேலை செய்த பந்து. மணமகளுக்கு எந்தத் தீங்கும் அணுகாமல் அது காக்கும் என்பது நம்பிக்கை.

இந்தப் பந்துக்குத் 'தெமாரி' என்று பெயர். 'தெ' என்றால் கை. 'மாரி' என்றால் பந்து. உள்ளங்கையில் அடங்கும் இந்த உருண்டையின் மேல் செவ்வந்தியும் நட்சத்திரமும் வலைப்பின்னலும் பூத்திருப்பதைப் பார்ப்பவர்கள், இதை எப்படித்தான் செய்தார்களோ என்று வியந்து போவார்கள். அடிப்படை தெரிந்துகொண்டால் நம் வீட்டுப் பெண்களும் செய்துவிடலாம். வேண்டியது கொஞ்சம் நூல், ஓர் ஊசி, ஒரு காகிதத் துண்டு, நிறையப் பொறுமை.

உதைத்த பந்து, தட்டிய பந்து

ஜப்பானுக்குப் பந்து விளையாட்டு சீனாவிலிருந்து வந்தது. தோலால் ஆன பந்தைக் கீழே விழவிடாமல் காலால் உதைத்து ஒருவருக்கொருவர் அனுப்பும் 'கெமாரி' என்ற விளையாட்டை அரண்மனைப் பிரபுக்கள் ஆடினர். இது ஆண்களின் ஆட்டம். பெண்களும் குழந்தைகளும் கையால் தட்டி விளையாடுவதற்கென்று தோன்றியதுதான் தெமாரி.

ஆரம்பத்தில் இது பெரிய வீட்டுப் பொருளாகவே இருந்தது. பழைய பட்டாடைகளின் துணுக்குகளைச் சுருட்டி, அதன் மேல் பட்டு நூலைச் சுற்றினார்கள். எடோ காலத்தில் (1603-1868) பருத்திச் சாகுபடி பரவி, நூல் சாதாரண மக்களுக்கும் எட்டும் விலைக்கு வந்தது. அதன்பின் குடிசை வீட்டுக் குழந்தைக்கும் ஒரு தெமாரி கிடைத்தது.

பந்து தரையில் பட்டு எழும்ப வேண்டும் அல்லவா? அதற்காகப் பெரணிச் செடியின் இளங்குருத்தில் படியும் பஞ்சை உள்ளே வைத்துச் சுற்றுவார்கள். குலுக்கினால் ஒலி எழ வேண்டும் என்று, சிப்பிக்குள் சிறு கற்களை இட்டு மூடி நடுவில் வைப்பவர்களும் உண்டு. சிறுமிகள் தட்டும்போது தாளம் தவறாமல் இருக்கத் தெமாரிப் பாட்டுகள் பிறந்தன. பந்தாட்டமும் பாட்டும் சேர்ந்தே வளர்ந்தன.

கனஸாவாவின் வழக்கத்துக்கு ஒரு கதை உண்டு. 1601-ஆம் ஆண்டில் டோக்குகாவா இயேயாசுவின் பேத்தி தமாஹிமே, கனஸாவாவை ஆண்ட மயேதா குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டாள். இரு பெரும் குடும்பங்களின் அரசியல் உறவுக்காக நடந்த மணம் அது. மணமகள் பிறந்து இரண்டு மூன்று ஆண்டுகளே ஆன பச்சைக் குழந்தை! அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த விளையாட்டுப் பொருள்களில் ஒரு தெமாரியும் இருந்தது என்றும், அதிலிருந்துதான் மணமகளுக்குப் பந்து கொடுக்கும் வழக்கம் தோன்றியது என்றும் அந்த ஊரார் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

பந்து விளையாடிய துறவி

தெமாரி என்றதும் ஜப்பானியர்களுக்கு நினைவு வரும் ஒருவர் ரியோகான் (1758-1831). எச்சிகோ பிரதேசத்தைச் சேர்ந்த ஜென் துறவி, பெருங்கவிஞர். கோயில் பதவி எதுவும் வேண்டாமல், சிறு குடிசையில் தங்கிப் பிச்சை எடுத்து வாழ்ந்தார். பிச்சைக்குப் புறப்பட்டால் வழியில் கிராமத்துக் குழந்தைகள் பிடித்துக்கொள்வார்கள். உடனே அங்கியின் கைப்பகுதியிலிருந்து தெமாரி வெளியே வரும். பொழுது போவது தெரியாமல் துறவியும் குழந்தைகளும் பந்து தட்டிக் கொண்டிருப்பார்கள்.

அவரது முதுமையில் தெய்ஷின் என்ற இளம் துறவினி அவருக்குச் சீடரானார். அவரைவிட ஏறக்குறைய நாற்பது வயது இளையவர். இருவரும் ஒருவருக்கொருவர் கவிதைகள் எழுதிக்கொண்டனர். அந்தப் பரிமாற்றம் தெமாரியைப் பற்றிய கவிதையில்தான் தொடங்கியது. ரியோகான் மறைந்த பின் தெய்ஷின் அந்தக் கவிதைகளைத் தொகுத்து வைத்தார். ஒரு விளையாட்டுப் பந்து, இலக்கியத்திலும் இடம் பிடித்துக்கொண்டது.

ரப்பர் வந்தது

மெய்ஜி காலத்தில் (1868-1912) மேல்நாட்டு ரப்பர் பந்து ஜப்பானுக்கு வந்தது. நூல் பந்தைவிட அது நன்றாக எழும்பியது. நனைந்தால் கெடவில்லை. கடையில் காசு கொடுத்தால் கிடைத்தது. பல நாள் உட்கார்ந்து பந்து செய்ய யாருக்கு நேரம்? தெமாரியின் ஆட்டம் மெல்ல அடங்கிவிட்டது.

விளையாட்டு போனது மட்டும் அல்ல. கைவேலையும் போகும் நிலை வந்தது. இந்தத் தையல் முறைகள் பாட்டியிடமிருந்து பேத்திக்கு, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே வந்தவை. ஒரு தலைமுறை கற்காமல் விட்டால் சங்கிலி அறுந்துவிடும்.

பல ஊர்களில் அப்படித்தான் அறுந்தது. ஆனால் சில இடங்களில் முதியவர்களின் நினைவில் மிச்சம் இருந்ததைக் கேட்டு அறிந்து, பழைய பந்துகளைப் பார்த்து, மீண்டும் செய்யத் தொடங்கினார்கள். விளையாட்டுப் பொருளாக இருந்த தெமாரி, இருபதாம் நூற்றாண்டில் கலைப்பொருளாகவும் அன்பளிப்பாகவும் மறுபிறவி எடுத்தது.

ஊருக்கு ஒரு பந்து

நாகனோ மாவட்டத்தில் உள்ள மட்சுமோட்டோ, பெரிய கோட்டை அமைந்த ஊர். அங்கே சாமுராய் குடும்பத்துப் பெண்கள் செய்த தெமாரி இன்று நகரத்தின் சின்னம் போல் ஆகிவிட்டது. தெருவில் உள்ள சாக்கடை மூடிகளில்கூடத் தெமாரிச் சித்திரம் வார்க்கப்பட்டிருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

ஷிக்கோக்கு தீவில் உள்ள ககாவா மாவட்டத்துக்குப் பழைய பெயர் சனுக்கி. உப்பு, சர்க்கரை, பருத்தி ஆகிய மூன்றையும் 'சனுக்கியின் மூன்று வெள்ளைகள்' என்பார்கள். பருத்தி விளைந்த மண் ஆகையால், அங்கே தெமாரி பட்டு நூலால் செய்யப்படுவதில்லை. செடி கொடிகளிலிருந்து எடுத்த சாயத்தில் தோய்த்த பருத்தி நூலே பயன்படுகிறது. பந்தின் உள்ளே இருப்பது நெல் உமி! கண்ணைப் பறிக்காத, சாந்தமான நிறங்கள் இந்தப் பந்துகளின் தனி அழகு.

வடக்கே அகித்தா மாவட்டத்தின் ஹொன்ஜோ ஊரில் பந்தின் மூன்று பக்கங்களிலும் குஞ்சலம் தொங்கும். தெற்கே ஃபுக்குவோக்கா மாவட்டத்தின் யானகாவாவில், பெண் குழந்தையின் முதல் பொம்மைத் திருநாளுக்குப் பந்துகளையும் துணிப் பொம்மைகளையும் கோத்துத் தொங்கவிடுவார்கள். மார்ச் 3-ஆம் தேதி வரும் இந்தத் திருநாளில், நம் நவராத்திரிக் கொலு போலப் படி கட்டிப் பொம்மை வைப்பது ஜப்பானியர் வழக்கம்.

யானகாவாத் தொங்கலில் ஏழு சரங்கள். சரத்துக்கு ஏழு உருப்படிகள். நடுவில் பெரிய பந்துகள் இரண்டு. ஆக 51. மனித ஆயுள் ஐம்பது என்று கணக்கிட்ட அந்தக் காலத்தில், 'எங்கள் குழந்தைக்கு ஒன்றாவது கூட இருக்கட்டும்' என்று தாய் மனம் வேண்டிக்கொண்ட எண் இது.

முதலில் உருண்டை

இனி செய்முறைக்கு வருவோம். ஒரு பெரிய கைப்பிடி உலர்ந்த உமியை மெல்லிய காகிதத்தில் பொட்டலமாகக் கட்டி, உருண்டையாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பெங்களூர் போன்ற நகரத்தில் உமிக்கு எங்கே போவது என்பவர்கள், கைவேலைப் பொருள் கடைகளில் விற்கும் தெர்மகோல் உருண்டையை வாங்கலாம். கிழிந்த காலுறைகளைச் சுருட்டியும் செய்யலாம்.

இதன் மேல் மெல்லிய கம்பளி நூலைச் சுற்றுங்கள். ஒரே தடத்தில் சுற்றக்கூடாது. ஒவ்வொரு சுற்றுக்கும் பந்தைச் சிறிது திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வப்போது இரு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து, லட்டு பிடிப்பது போல் உருட்டி அழுத்துங்கள். மேடு பள்ளம் மறையும்.

கம்பளியின் மேல் சாதாரணத் தையல் நூலை அதே போல் சுற்ற வேண்டும். உள்ளே இருக்கும் கம்பளியின் நிறம் எங்கும் தெரியாத அளவுக்குச் சுற்றுங்கள். இந்த நூல் படலம்தான் நமக்குத் துணி. ஊசி இதில்தான் ஏறி இறங்கப் போகிறது. படலம் மெலிந்தால் தையல் நிற்காது.

அளவுகோல் வேண்டாம்; காகிதம் போதும்

கோலம் போடுகிறவர்களுக்குப் புள்ளியின் அருமை தெரியும். புள்ளி பிசகினால் கோலம் பிசகும். தெமாரியிலும் அப்படியே. பூவேலைக்கு முன் பந்தைச் சமபாகங்களாகப் பிரிக்க வேண்டும். இதை 'ஜிவாரி' என்கிறார்கள். உருண்டையின் மேல் அளவுகோலை வைக்க முடியாது. அதற்கு ஒரு சுலபமான வழி வைத்திருக்கிறார்கள்.

அரை செ.மீ. அகலத்தில் நீண்ட காகிதப் பட்டை ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள். அதன் ஒரு நுனியைப் பந்தின் மேல் ஏதாவது ஓர் இடத்தில் வெள்ளைத் தலைக் குண்டூசியால் குத்துங்கள். இதுவே வட துருவம். பட்டையைப் பந்தைச் சுற்றிக் கொண்டுவந்து, குண்டூசியைத் தொடும் இடத்தில் சரியாக வெட்டிவிடுங்கள். பட்டையின் நீளம்தான் பந்தின் சுற்றளவு. நம் பந்து 24 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

பட்டையை இரண்டாக மடித்தால் 12. நான்காக மடித்தால் 6. எட்டாக மடித்தால் 3. மடிப்பு விழுந்த இடங்களில் ஓரத்தில் சிறிய வெட்டுக் கொடுங்கள். மறுபடியும் வட துருவத்திலிருந்து பட்டையைச் சுற்றி, பாதி வெட்டு வரும் இடத்தில் கறுப்புக் குண்டூசி குத்தினால் அது தென் துருவம். பட்டையை வேறு வேறு திசைகளில் திருப்பி வைத்து, எல்லாத் திசையிலும் பாதி அளவு அந்த இடத்திலேயே விழுகிறதா என்று பாருங்கள். சிறிது மாறினால் ஊசியை நகர்த்தி நடுவில் வையுங்கள்.

கால் பங்கு வெட்டு வரும் இடமெல்லாம் பூமியின் மத்திய ரேகை. அந்த ரேகையைச் சுற்றிப் பட்டையை வைத்து, 3 செ.மீ.க்கு ஒன்றாக எட்டுச் சிவப்புக் குண்டூசிகளைக் குத்துங்கள். இப்போது ஒன்றரை மீட்டர் ஜரிகை நூலை எடுத்து, வட துருவத்தில் தொடங்கி, ஒரு சிவப்பு ஊசி வழியாகத் தென் துருவம் சென்று, எதிர்ப்பக்கத்து ஊசி வழியாகத் திரும்பி வாருங்கள். துருவத்தில் நூலைத் திருப்பி அடுத்த ஊசிக்குச் செல்லுங்கள். இப்படி நான்கு சுற்றுச் சுற்றினால், துருவத்துக்குத் துருவம் ஓடும் எட்டுக் கோடுகள் கிடைக்கும். மத்திய ரேகையிலும் ஒரு சுற்று. கோடுகள் கூடும் இடங்களில் ஒரு தையல் போட்டு நகராமல் இறுக்கிவிட்டு, குண்டூசிகளை எடுத்துவிடலாம்.

உப்புக்கொத்தியின் காலடி

தெமாரித் தையல்களில் முதலில் கற்க வேண்டியது 'உவாகாகே சிதோரி ககாரி'. பெயர்தான் நீளம், வேலை நீளமல்ல. தையல் வகுப்புக்குப் போனவர்களுக்குத் தெரிந்த ஹெர்ரிங்போன் தையலின் உடன்பிறப்பு இது. 'சிதோரி' என்பது நீர்க்கரையில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் உப்புக்கொத்திப் பறவை. குடித்துவிட்டுத் தள்ளாடி நடப்பவனைக்கூட ஜப்பானியர் 'சிதோரிக் கால்' என்று கேலி செய்வார்கள். நம் நூலும் அப்படித்தான் மேலும் கீழுமாகத் தள்ளாடிச் செல்லப் போகிறது. ஆனால் நிதானம் தவறாமல்!

எம்பிராய்டரிக் கடைகளில் 'பேர்ல் காட்டன்' என்று கேட்டால் கிடைக்கும் முறுக்கேறிய பருத்தி நூல் இதற்கு ஏற்றது. கோடுகளுக்கு ஒன்று முதல் எட்டு வரை மனத்தில் எண் கொடுத்துக்கொள்ளுங்கள். 1, 3, 5, 7 ஆகிய கோடுகளில் வட துருவத்திலிருந்து 1 செ.மீ. தள்ளிக் குறி வையுங்கள். 2, 4, 6, 8 ஆகிய கோடுகளில் 4 செ.மீ. தள்ளிக் குறி வையுங்கள். முன்னது மேல் குறி. பின்னது கீழ்க் குறி.

நூலின் முடிச்சு வெளியே தெரியக்கூடாது. மூன்று செ.மீ. தொலைவில் ஊசியை நுழைத்து, நூல் படலத்துக்கு அடியிலேயே ஓட்டி, முதல் கோட்டின் மேல் குறிக்கு இடப்பக்கம் வெளியே எடுங்கள். முடிச்சு படலத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அங்கிருந்து வலப்பக்கமாக இறங்கி, இரண்டாம் கோட்டின் கீழ்க் குறிக்கு வாருங்கள். கோட்டின் வலப்பக்கம் ஊசியை நுழைத்து இடப்பக்கம் எடுங்கள். நூல் செல்வது வலப்பக்கம். ஊசி குத்துவது வலமிருந்து இடம். இதுதான் சூட்சுமம். பிறகு மூன்றாம் கோட்டின் மேல் குறிக்கு ஏறி அதே போல் ஒரு தையல். நான்காம் கோட்டுக்கு இறக்கம். இப்படியே சுற்றி வந்தால் நான்கு இதழ் நட்சத்திரம் ஒன்று தெரியும். இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் திசையை மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவது நூலை எடுத்து, இரண்டாம் கோட்டின் மேல் குறியில் தொடங்கி, இதே வேலையைச் செய்யுங்கள். இப்போது 2, 4, 6, 8 கோடுகளில் மேல் தையல். 1, 3, 5, 7-இல் கீழ்த் தையல். முதல் நட்சத்திரத்தின் மேல் இன்னொரு நட்சத்திரம் படிந்து எட்டு இதழ் ஆகிவிடும்.

இரண்டாம் சுற்றில்தான் வித்தை

அடுத்த சுற்றிலிருந்துதான் 'உவாகாகே' என்ற சொல்லுக்கு வேலை. கீழ்க் குறியில் புதிய தையல், பழைய தையலுக்கு அடுத்துக் கீழே ஒட்டி விழ வேண்டும். மேல் குறியில் அப்படி அல்ல. அங்கே முன் சுற்றில் போட்ட நூல்கள் கோட்டின் மேல் குறுக்கே கடந்து, இரு பக்கமும் விரிந்து இறங்கும். அந்த இரு நூல்களையும் கோட்டையும் சேர்த்து, அவற்றுக்கு அடியில் ஊசியை வலமிருந்து இடமாக ஓட்டி எடுக்க வேண்டும். அதாவது புதிய தையல் பழையவற்றை எல்லாம் அணைத்துப் பிடித்துக்கொள்ளும். சுற்று ஏற ஏற இந்தத் தையல் சிறிது கீழே இறங்கி, சிறிது அகலமாகும்.

ஊசியின் கூர்முனை பழைய நூலைப் பிளந்துவிடும் அபாயம் உண்டு. அதைத் தவிர்க்க, அந்த இடத்தில் ஊசியின் காதுப் பக்கத்தை முதலில் நுழைப்பது அனுபவசாலிகளின் தந்திரம்.

முதல் நட்சத்திரத்துக்கு ஒரு சுற்று, இரண்டாவதற்கு ஒரு சுற்று என்று மாற்றி மாற்றித் தைத்து வந்தால், பத்துச் சுற்றுக்குள் அடுக்கடுக்கான இதழ்களுடன் செவ்வந்தி ஒன்று மலர்ந்துவிடும். உள்ளே வெளிர் நிறத்தில் தொடங்கி வெளியே அடர் நிறத்தில் முடித்தால் பூ எடுப்பாக இருக்கும். தென் துருவத்திலும் இதையே செய்து, மத்திய ரேகையில் சில சுற்று நூலைப் பட்டையாகச் சுற்றி நிறுத்துங்கள். அந்தப் பட்டைக்கு, கிமோனோவின் இடைக்கச்சைப் பெயரான 'ஓபி' என்பதே பெயர்.

நூலை இழுத்து இறுக்காதீர்கள். இறுக்கினால் கோடு நகர்ந்து இதழ் கோணும். தளர விட்டாலும் தொங்கும். பந்தின் மேல் நூல் படுத்திருந்தால் போதும். ஊசியைவிடப் பந்தைத் திருப்பும் கைக்கே அதிக வேலை என்பது செய்து பார்த்தால் விளங்கும்.

பள்ளிக்கூடம் சொல்லித் தராத கணக்கு

எட்டுக் கோட்டுப் பந்து பாலபாடம். தேர்ந்தவர்கள், பந்தின் மேல் ஒன்றுக்கொன்று சமதூரத்தில் பன்னிரண்டு புள்ளிகள் வைத்து, பன்னிரண்டு ஐங்கோணங்கள் அமையும் பந்துகளைச் செய்கிறார்கள். கணித மாணவரைக் கேட்டால், அந்தத் தூரத்தைக் கண்டுபிடிக்கக் கோணமும் சூத்திரமும் வேண்டும் என்பார்.

தெமாரி செய்யும் பெண்கள் வைத்திருக்கும் கணக்கு இது: சுற்றளவில் ஆறில் ஒரு பங்கு, அதோடு நூறில் ஒரு பங்கைக் கூட்டு. நம் 24 செ.மீ. பந்துக்கு ஆறில் ஒன்று 4 செ.மீ.; நூறில் ஒன்று 0.24, மொத்தம் 4.24 செ.மீ. வட துருவத்திலிருந்து அந்தத் தூரத்தில் ஐந்து ஊசிகள், தென் துருவத்திலிருந்து அதே தூரத்தில், அவற்றுக்கு இடைப்பட்ட திசைகளில் ஐந்து ஊசிகள், துருவங்கள் இரண்டு. பன்னிரண்டு ஆயிற்று. சூத்திரம் போட்டுப் பார்த்தால் விடை ஏறக்குறைய 4.23 செ.மீ. வருகிறது. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஒரு தலைமுடியின் கனம்! நூலின் கனமே அதைவிடப் பல மடங்கு.

நம் கைக்கும் வரும்

இன்று ஜப்பானில் தெமாரிக்கென்று சங்கம் இருக்கிறது. படிப்படியாகத் தேர்வு வைத்துத் தகுதிச் சான்றும் வழங்குகிறது. அமெரிக்கா, ஐரோப்பா என்று பல நாட்டுப் பெண்களும் ஆண்களும் இதைக் கற்றுச் செய்கிறார்கள். ஒரு காலத்தில் ரப்பர் பந்து துரத்திவிட்ட பொருள், கடல் கடந்து போயிருக்கிறது.

ரப்பர் பந்தோடு எழும்புவதில் தெமாரி போட்டியிட முடியவில்லை. அதில் தோற்றுத்தான் போனது. ஆனால் ஒருத்தி மற்றொருத்தியை நினைத்துப் பல நாள் உட்கார்ந்து செய்தாள் என்ற பெருமை, கடையில் வாங்கும் பந்துக்கு இல்லை. அதை உணர்ந்த சிலர் நேரத்தில் விழித்துக்கொண்டு பாட்டிமாரிடம் கேட்டதால்தான் இந்தத் தையல் இன்று நமக்குக் கிடைக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் கையில் இருக்கும் பின்னலும் கூடை முடைதலும் பூத்தொடுக்கும் வகைகளும், யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டால்தான் நிற்கும்.

அலமாரியில் மிச்சம் கிடக்கும் நூற்கண்டுகளை எடுங்கள். இந்த வார விடுமுறையில் உருண்டை சுற்றுவதை முடித்து, காகிதப் பட்டையை மடித்துக் கோடு பிரியுங்கள். அடுத்த வாரம் முதல் இதழைத் தொடங்கலாம். பெண் குழந்தை இருக்கும் வீடானால், அவளையும் பக்கத்தில் உட்கார்த்தி, பந்தைத் திருப்பும் வேலையைக் கொடுத்துப் பாருங்களேன்!